காற்றுப் பக்கம் ஒரு நாற்காலி

கப்பலூர்
10-2-1985

அன்புள்ள தம்பி முத்திருளனுக்கு,

அக்கா ஜெயக்கொடி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் அனைவரும் நலம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரி தங்கப்பொண்ணும் நலம்தானே? பொங்கலுக்கு நீ வராத கோபம் அப்படியேதான் இருக்கிறது. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

நம் ஷெட்டுக்கு ஒரு படகு வந்திருக்கிறது. மதுரையில் ஏது படகு என்று கேட்பாய். இந்த ரோட்டில் போகிற லாரிக்காரர்களும் வண்டியை நிறுத்தி அதைத்தான் கேட்கிறார்கள். மோட்டார் வைத்துப் பறக்க விடுகிற விளையாட்டுப் படகு. முழுக்க ஃபைபர். இருபது வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மில் முதலாளி வெளிநாட்டிலிருந்து வரவழைத்தாராம். அவர் காலத்துக்குப் பிறகு பழங்காநத்தத்தில் ஓட்டை விழுந்த குடோனில் மல்லாக்கக் கிடந்திருக்கிறது. மழைத் தண்ணீர் நின்று, கோழி அடைந்து, குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சுகளின் பேரன் பேத்திகள் வரை அதில் குடும்பம் நடத்தியிருக்கின்றன. மோட்டாரை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான்.

வைகை அணையில் படகு விடக் குத்தகை எடுத்திருக்கிற மலையாண்டி என்பவர் இதை வாங்கி, நம் வாசலில் இறக்கினார். "ஆடிப் பதினெட்டுக்குச் சனம் கூடும்ணே. அன்னைக்கு இது அணையில ஓடிருச்சுன்னா, இதே அச்சுல இன்னும் நாலு செஞ்சு தாங்க. ஓடலேன்னா ஆள விட்ருங்க" என்று உன் மச்சானிடம் சொல்லிவிட்டுப் போனார்.

உனக்கு மறைப்பானேன். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி வந்த பிறகு நாம் செய்கிற ஃபைபர் தண்ணீர்த் தொட்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பக்கத்து பிளைவுட் பட்டறை ஆசீர்வாதம் அண்ணன் நம் ஷெட்டை எடுத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார். நல்ல மனுஷன், தீபாவளி வரை பார்க்கலாம் என்கிறார். இந்தப் படகு ஓடினால் ஷெட் நம்முடையது, ஓடாவிட்டால் அவருடையது.

எங்களுக்குத் தொட்டி தெரியும், படகு தெரியாது. எங்கே தொடங்குவது என்று விவரமாக எழுது. உன் மச்சான் கேட்கச் சொன்னார்.

உன் பதிலுக்குத் தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்
அக்கா ஜெயக்கொடி


கொச்சி
19-2-1985

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இருவரும் சுகமாக இருக்கிறோம். உன் கோபத்தைத் தங்கப்பொண்ணு உரக்கப் படித்துவிட்டு, இன்னும் நாலு வரி திட்டியிருக்கலாம் என்றாள். மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் கடிதத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு யார்டில் வேலை ஓடவில்லை. இங்கே நாங்கள் செய்வதெல்லாம் மீன்பிடிப் படகு. எருமை மாதிரி பாரம் சுமக்கும், எருமை மாதிரியே நடக்கும். விளையாட்டுப் படகைத் தொடுகிற பாக்கியம் இத்தனை வருஷத்தில் எனக்கே கிடைக்கவில்லை. கப்பலூரில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கவனமாகக் கேள். அந்தக் காலத்தில் ஃபைபருக்கு ஊற்றுகிற ரெசின் பசையைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். மேல்தோல் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கிற மரம்தான் ஏமாற்றும். படகின் பின்பலகை இருக்கிறதே, மோட்டாரைத் தொங்கவிடுகிற இடம், அது வெளியே ஃபைபர், உள்ளே பிளைவுட். சுத்தியலின் கைப்பிடியால் சாண் சாணாகத் தட்டிப் பார்க்கச் சொல் மச்சானை. நல்ல இடம் கணீரென்று பேசும். உளுத்த இடத்தில் சத்தம் செத்திருக்கும். உளுத்த பலகையில் மோட்டாரை மாட்டினால், நடுத்தண்ணீரில் மோட்டார் பலகையைப் பிய்த்துக்கொண்டு தனியாகப் போய்விடும்.

மச்சான் செய்துவிடுவார், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் லாரிக்கு அடியில் கிரீசில் கிடந்த மனுஷனிடம் ஒரு டிரம் ரெசினை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்து, "இதுதான் மச்சான் சுத்தமான தொழில்" என்று சொன்னவன் நான். என் வாழ்க்கையில் செய்த உருப்படியான காரியம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மோட்டாரைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் இருவரின் நலத்தையும் வேண்டும்
தம்பி முத்திருளன்


கப்பலூர்
8-3-1985

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். வெயில்தான் பங்குனிக்கு முன்பே பல்லைக் காட்டுகிறது. உங்கள் ஊர்க் கடல் காற்றில் கொஞ்சம் பொட்டலம் கட்டி அனுப்பு.

நீ எழுதியபடி தட்டிப் பார்த்தாயிற்று. வயிற்றுப் பக்கம் முழுக்கக் கணீரென்றது. பின்பலகை மட்டும் வாயே திறக்கவில்லை. மேல்தோலை ஓரமாக அறுத்து எடுத்தால் உள்ளே பிளைவுட் இருந்த இடத்தில் ஈரமான மரத்தூள். கரண்டியால் அள்ளிப் போட்டோம். அழுகிய வைக்கோல் வாடை இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை, சாப்பிடும்போதெல்லாம் அந்த வாடைதான்.

புதுப் பலகைக்கு ஆசீர்வாதம் அண்ணன் தண்ணீர் தாங்கும் பிளைவுட் தருகிறேன் என்றார். படகு ஓடினால் அவருக்கு ஷெட் கிடைக்காது. தெரிந்தேதான் தருகிறார்.

ஒரு விஷயம். படகை ஷெட்டுக்குள் வைக்கவில்லை. வெளியே புளியமரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டோம். மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறது. கிளையில் என் பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அது காட்டும். மஞ்சள் சேலை, நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. ஆறேழு வருஷம் உழைத்துவிட்டது, இன்னும் ஓய்வு கொடுக்க மனசில்லை.

பலகையை ஒட்டும் முறையை எழுது.

நலம் நாடும்
அக்கா


கொச்சி
20-3-1985

அன்புள்ள அக்கா,

நலம். நலமென்று நம்புகிறேன். உனக்குப் புதுச் சேலை வாங்க வேண்டும் என்று தங்கப்பொண்ணு உத்தரவு போட்டிருக்கிறாள்.

படகை எதற்கு வெளியே கொண்டு வந்தீர்கள்? மச்சானுக்குத் தெரியாதா? வெயிலில் ரெசின் குவளையிலேயே கெட்டியாகிப் புகையும். ரோட்டுத் தூசி வந்து ஒட்டும், புளியம்பூ உதிர்ந்து உள்ளே போகும். ஷெட்டுக்குள் இவ்வளவு இடம் இருக்கும்போது இது என்ன கூத்து? அவரிடம் கேட்டு எழுது.

வெளியேதான் என்றால், விடியற்காலையில் மட்டும் ரெசின் வேலை வைத்துக்கொள்ளுங்கள். ரெசினை இறுக்குகிற ஹார்டனரைக் குறைத்து ஊற்றுங்கள். பிளைவுட்டை இரண்டு அடுக்காக வெட்டி, நடுவில் ரெசினில் ஊறிய கண்ணாடி நார் மேட் வைத்து, மரச்சட்டம் கொடுத்து போல்ட்டால் நெருக்கிப் பிடிக்க வேண்டும். மூலைகளில் மடிப்பு விழாமல் மேட்டை விரலால் தடவித் தடவிக் காற்றை வெளியேற்ற வேண்டும். இது அவசரக்காரன் வேலை அல்ல. மச்சான் கைக்கு அந்தப் பொறுமை உண்டு.

நல்ல செய்தி: மோட்டார் கிடைத்துவிட்டது. இருபத்தைந்து குதிரைச் சக்தி, ஜப்பான் சரக்கு. ஒரு மீன்காரர் இரண்டு வருஷம் ஓட்டியது. கார்புரேட்டரும் தண்ணீர் இழுக்கிற ரப்பர் சக்கரமும் பார்க்க வேண்டும். அது மச்சானுக்குப் பல் விளக்குகிற மாதிரி. மீன் லாரியில் குமுளி வழியாக வரும். வாடை அடித்தால் என்னைத் திட்டாதே.

மச்சான் ஏன் ரெண்டு வரி எழுதுவதில்லை? என்மேல் ஏதும் வருத்தமா?

அன்புடன்
தம்பி


கப்பலூர்
25-4-1985

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். தங்கப்பொண்ணுக்கு அம்மைபோல் மேலெல்லாம் பொரிந்திருந்ததாக அவள் தனியாக எழுதியிருந்தாள். இப்போது தேவலையா? இளநீர் கொடு.

உன் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. உன் மச்சான் என்றைக்குக் கடிதம் எழுதினார்? எனக்கே கல்யாணத்துக்கு முன் ஒரு கடிதம் எழுதினார், அதில் பாதி லாரி கியர் பாக்ஸைப் பற்றி.

வெளியே ஏன் என்று கேட்டாய். எங்களுக்கு வெளியேதான் வசதி. அதை விடு.

பின்பலகை முடிந்தது. விடிகிற நேரத்தில் உட்கார்ந்து, மேட்டை வைத்து விரலால் தடவித் தடவி, நீ சொன்னபடி ஒரு மடிப்புக் கூட விழாமல். காய்ந்த பிறகு சுத்தியல் கைப்பிடியால் தட்டினால் கோயில் மணிக்குப் பக்கத்தில் வருகிறது சத்தம். அன்றைக்கு இருபது தடவையாவது தட்டியிருப்பேன். ரோட்டில் போனவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். உன் பாராட்டையும் படித்துக் காட்டினேன். "மச்சான் கைக்கு அந்தப் பொறுமை உண்டு" என்ற இடத்தில் உன் மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

மோட்டார் வந்தது. அயிலை மீனோடு வந்ததால் இந்தத் தெருப் பூனையெல்லாம் நம் வாசலில்தான். உன் மச்சான் அதை முழுசாகப் பிரித்து, மரத்தடியில் சாக்கை விரித்து அடுக்கி, துடைத்து, திரும்ப மாட்டினார். விற்காமல் கிடந்த நம் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதில் மோட்டாரை மாட்டி இழுத்தார். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. தொட்டித் தண்ணீர் எழும்பி எங்களையும் ஆசீர்வாதம் அண்ணனையும் தலையோடு குளிப்பாட்டியது. உன் மச்சான் முகத்தில் அன்று நான் பார்த்த சிரிப்பை ரொம்ப நாளாகப் பார்க்கவில்லை.

இனி அடித்தளத்தில் மூன்று கட்டை மாற்ற வேண்டும். அது ஆனதும் படகு ஒழுகுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? மறக்காமல் எழுது.

உன் அக்கா


கப்பலூர்
30-5-1985

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதிப் போட்ட கடிதத்துக்கு ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. தங்கப்பொண்ணுக்கு ஒன்றும் இல்லையே? ஒரு கார்டாவது போடு.

கட்டைகள் மாற்றியாயிற்று. மலையாண்டி வந்து பார்த்தார். ஒழுகாது என்று உறுதி கொடுக்க முடியுமா என்று கேட்டார். நம் ஷெட்டிலிருந்து போன எந்தத் தொட்டியும் ஒழுகியதில்லை என்று சொன்னேன். சோதித்துக் காட்டுங்கள் என்கிறார். உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

அக்கா


கப்பலூர்
14-6-1985

தம்பிக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை. எங்கிருந்தாலும் நன்றாக இரு. இங்கே ஒரு பெரிய தப்பு நடந்துவிட்டது. செய்தது நான்தான்.

நம் ஷெட்டில் எந்தத் தொட்டி முடிந்தாலும் என்ன செய்வோம்? வாய் வரைக்கும் தண்ணீர் நிரப்பி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் அடியில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். அதையேதான் படகுக்கும் செய்தேன். இரண்டு ஸ்டாண்டு மேல் படகு. குழாயை உள்ளே போட்டு, சாயங்காலம் தொடங்கி விளிம்பு வரை நிரப்பினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மலையாண்டியிடம் ஆள் அனுப்பி வரச் சொன்னேன், அவ்வளவு பெருமை எனக்கு.

காலையில் வந்து பார்த்தால் படகு நடுவில் தொய்ந்து கிடக்கிறது, சினைப் பசு மாதிரி. ஸ்டாண்டு தாங்கிய இரண்டு இடத்திலும் குறுக்கே விரிசல். புதிதாக வைத்த கட்டையில் ஒன்று முறிந்துவிட்டது. பின்பலகை மட்டும் அசையவில்லை. மலையாண்டி வந்தார், பார்த்தார், "ஆடிக்கு இன்னும் நாளு இருக்குக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆசீர்வாதம் அண்ணனும் வந்தார். ஆறுதலாகத்தான் பேசினார். ஆனாலும் போகும்போது அவர் கண் ஷெட்டை ஒருமுறை அளந்துவிட்டுத்தான் போனது. அவரைக் குறை சொல்லமாட்டேன்.

உன் மச்சான் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு நான் மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன் தம்பி. உன்னிடம் சொல்வதில் வெட்கமில்லை.

அக்கா


கொச்சி
22-6-1985

அன்புள்ள அக்கா,

உன் மூன்று கடிதத்தையும் ஒரே நாளில் படித்தேன். தங்கப்பொண்ணு குணமாகிவிட்டாள். அவளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு, யார்டு செய்த படகு ஒன்றைக் கொடுத்துப் பழக்க லட்சத்தீவுக்குப் போயிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது, திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. போகும்போது ஒரு வரி எழுதிப் போடாதது என் குற்றம். எழுதியிருந்தால் இது நடந்திருக்காது.

முதலில் சிரித்தேன், மன்னித்துக்கொள். படகுக்குள் தண்ணீர் நிரப்பிய முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். தொட்டி தண்ணீரை உள்ளே வைத்துத் தாங்கப் பிறந்தது. படகு தண்ணீரை வெளியே வைத்துத் தாங்கப் பிறந்தது. வெளியே இருக்கிற தண்ணீர் படகை அடி முழுக்க உள்ளங்கையில் ஏந்துகிற மாதிரி ஏந்தும். நீ ரெண்டு கட்டையில் உட்காரவைத்து வயிற்றில் ரெண்டு டன் பாரத்தை ஏற்றிவிட்டாய். ஒரு சாண் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் போதும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அவ்வளவு பாரத்திலும் பின்பலகை அசையவில்லை, ஒரு சொட்டு ஒழுகவில்லை என்கிறாய். எங்கள் யார்டில் செய்த பலகை அப்படி நிற்குமா என்று எனக்குச் சந்தேகம். மச்சான் கையே கை.

சரி செய்யலாம். தலையிலிருந்து வால் வரை நூல் பிடித்து, அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, நூலுக்கு நேராக வரும் வரை கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். விரிசலை இரண்டு பக்கமும் சரிவாகத் தேய்த்து எடுத்து, ஆறு அடுக்கு மேட் போட வேண்டும். கஷ்டமான வேலை. நான் ஜூலை கடைசியில் லீவு போட்டு வருகிறேன். மச்சானும் நானும் ஷெட்டில் பழையபடி சேர்ந்து வேலை பார்க்கலாம்.

அன்புடன்
முத்திருளன்


கப்பலூர்
3-7-1985

அன்புள்ள தம்பிக்கு,

தங்கப்பொண்ணு குணமானது கேட்டு நிம்மதி. இங்கே அனைவரும் நலம்.

நீ இப்போது வரவேண்டாம். லீவை வீணாக்காதே. மழையில் தங்கப்பொண்ணைத் தனியாக விட்டுவிட்டு வருவது சரியில்லை. தீபாவளிக்கு வா, அதுதான் நல்லது.

வேலை நடக்கிறது. ஜாக்கி என்று எழுதினாயே, அது உன் மச்சானுக்குக் கரும்பு தின்னக் கூலி. பழைய லாரிப் பட்டறைச் சிநேகிதர்களிடமிருந்து ஏழு ஜாக்கி வாங்கி வந்தார். மரத்தடியில் மண்ணில் மல்லாக்கப் படுத்து, ஒவ்வொன்றாக ஒரு சுற்று, அரைச் சுற்று. நான் மேலே நூலைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கீழே அவர் திருகினார். மூன்றாம் நாள் நூலும் படகும் ஒட்டிக்கொண்டன. எழுந்து வந்தபோது முதுகெல்லாம் மண். பழைய ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

பிறகு தேய்ப்பும் மேட்டும். ஆனிக் காற்று திசை மாறி மாறி அடிப்பதால் சேலைக் கிழிசலைப் பார்த்துப் பார்த்து வேலை. ஒரு நாளைக்கு ஒரு அடுக்குதான் போட முடிகிறது. ஆடிக்குள் முடிந்துவிடும். சிவப்புச் சாயம் வாங்கியாயிற்று.

கோபித்துக்கொள்ளாதே. வரவேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கும் கஷ்டம்தான்.

உன் அக்கா


கொச்சி
15-7-1985

அன்புள்ள அக்கா,

நலம்.

பொங்கலுக்கு வராததற்குக் கோபித்த நீ, இப்போது வருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாய். சரி, வரவில்லை.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துத் திரும்பப் படித்தேன். மச்சான் மோட்டாரைப் பிரித்தார், ஜாக்கி திருகினார் என்று எழுதியிருக்கிறாய். ரெசின் வேலை வருகிற இடத்திலெல்லாம் "முடிந்தது", "ஆயிற்று" என்றுதான் இருக்கிறது. ஒரு இடத்தில் கூட மச்சான் ரெசினைத் தொட்டதாக இல்லை. படகு வெளியே ஏன் என்ற கேள்விக்கு "அதை விடு" என்கிறாய்.

மச்சான் நன்றாக இருக்கிறாரா? மறைக்காமல் எழுது.

தம்பி


அவனியாபுரம்
5-8-1985

மாப்ள முத்திருளனுக்கு,

கருத்தக்கண்ணன் எழுதுகிறேன். சுகம்தானே? தங்கச்சி நலமா? உன் அக்கா ஷெட்டில் இருக்கும்போது, அவளுக்குத் தெரியாமல் வீட்டில் உட்கார்ந்து அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்ல உன் அக்காவுக்கு மனசு வரவில்லை. நான் சொல்கிறேன். போன கார்த்திகையிலிருந்து எனக்கு ரெசின் வாடை ஆகவில்லை. ஷெட்டுக்குள் கால் வைத்தால் நெஞ்சு பூட்டிக்கொள்ளும். மூச்சு உள்ளே போனது வெளியே வராது. பெரியாஸ்பத்திரியில் பார்த்தோம். இந்த வாடை, தேய்க்கும்போது பறக்கிற தூள் ரெண்டும் இனி ஆயுசுக்கும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தள்ளி இருந்தால் ஒன்றும் செய்யாது.

உனக்கு எழுதலாம் என்றேன். உன் அக்கா விடவில்லை. "அவன்தான் இந்தத் தொழிலக் கொண்டாந்து குடுத்தது. தெரிஞ்சா அவனுக்குச் சோறு எறங்காது. எழுதாதீக" என்றாள். "அனைவரும் நலம்" என்று ஒவ்வொரு தடவை எழுதும்போதும் தலையை நிமிர்த்தி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதினாள்.

ஆகவே மாப்ள, அந்தப் பின்பலகையை வைத்தது அவள். கட்டை மாற்றியது அவள். விரிசலில் ஆறு அடுக்கும் போட்டது அவள். மோட்டாரும் ஜாக்கியும் மட்டும்தான் நான். படகை ஏன் வெளியே வைத்தோம் என்று கேட்டாயே. உள்ளே வைத்தால் நான் பார்க்க முடியாது, பார்க்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். காற்று வருகிற பக்கம் தூரத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டாள். அந்த மஞ்சள் கிழிசல் தூசிக்காகக் கட்டியது இல்லை. அது திரும்பினால், கையில் ரெசினோடு அப்படியே ஓடி வந்து, முழங்கையால் நாற்காலியைத் தள்ளி மறுபக்கம் உட்காரவைத்துவிட்டுப் போவாள். சில நாளில் காற்று நிற்காமல் சுற்றும். அவளும் சுற்றுவாள். என்னை எழுந்து நகரச் சொன்னால் போதாதா என்று கேட்டேன். "நீங்க தூங்கிட்டா?" என்றாள்.

ஆடிப் பதினெட்டு விஷயத்துக்கு வருகிறேன். டிராக்டர் டிரெயிலரில் வைக்கோல் பரப்பி, உசிலம்பட்டி வழியாக மெதுவாகக் கொண்டு போனோம். அணையில் சனம் என்றால் அம்புட்டுச் சனம். கட்டுச்சோற்றுச் சட்டியோடு கரை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். பத்துப் பேர் சேர்ந்து படகைத் தண்ணீரில் விட்டார்கள். மிதந்தது. பிறகு இரண்டு இழுப்பு இழுத்தேன், மோட்டார் பேசவில்லை. கரையில் ஒருவன் சிரித்தான். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது.

நான் ஓட்டினேன், உன் அக்கா பின்னால் உட்கார்ந்தாள். கைப்பிடியைத் திருகியதும் மூக்கைத் தூக்கிக்கொண்டு எழுந்தது பாரு மாப்ள, தண்ணீரை விட்டு மேலே ஏறி, தட்டித் தட்டிப் பறந்தது. லாரியில், பஸ்ஸில், எதிலும் அப்படி ஒரு ஓட்டம் நான் பார்த்ததில்லை. கரையில் சனம் துண்டை வீசிக் கத்துகிறது. திரும்பிப் பார்த்தால் இவள் ஒன்றையும் பார்க்கவில்லை. ஒரு கையைப் பின்பலகையில் ஊன்றிக்கொண்டு, குனிந்து காலடியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் வருகிறதா என்று.

எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. நான் மூச்சை இழுக்கவே இல்லை, தானாக உள்ளே போனது. கார்த்திகைக்குப் பிறகு நெஞ்சு நிறைய மூச்சு விட்டது அன்றுதான். அதை அவளிடம் சொன்னேன். அப்புறம்தான் தலையை நிமிர்த்தினாள்.

கரைக்கு வந்ததும் மலையாண்டி என் கையைப் பிடித்து, நாலு படகுக்கும் இன்றைக்கே பேசிக்கொள்வோம் என்றார். "என்கிட்டப் பேசி என்ன செய்ய? செஞ்சவகிட்டப் பேசுங்க" என்று அவளைக் காட்டினேன். அவர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் போய்ப் பேசினார். ஷெட் நம்முடையதுதான். ஆசீர்வாதம் அண்ணன் பிளைவுட்டுக்கு இப்போதே அளவு கேட்கிறார்.

நீ எனக்குக் கொடுத்த தொழிலால் என் வீட்டில் ஆறு வருஷம் அடுப்பு எரிந்தது. இனியும் எரியும். அதை நினைத்துக்கொண்டு சோற்றைச் சாப்பிடு.

உன் மேல் குறை இல்லாத
மச்சான் கருத்தக்கண்ணன்


கொச்சி
12-8-1985

அன்புள்ள அக்காவுக்கு,

மச்சான் எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. நீ பயந்தது சரிதான், இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. தங்கப்பொண்ணு அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் யார்டில் ரெசின் வேலைக்கு முகமூடி கொடுப்பார்கள். வேர்க்கிறது என்று கழற்றிப் போடுவோம். அன்றைக்கு அந்த டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தவன், கூடவே ஒரு முகமூடியையும் கொண்டுவந்திருந்தால் மச்சானுக்கு இது வந்திருக்காது. சுத்தமான தொழில் என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போது நீ அதே வாடையில் நிற்கிறாய். உனக்கும் இருப்பது ஒரு நெஞ்சுதான். நாலு முகமூடி எடுத்து வைத்திருக்கிறேன். அது இல்லாமல் நீ இனி ஒரு அடுக்கு மேட் போடக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் உனக்கு அண்ணன்.

பெரிய மேஸ்திரியிடம் உன் பலகையைப் பற்றிச் சொன்னேன், ரெண்டு டன் தண்ணீர் தாங்கியதை. எந்த யார்டு ஆள் என்று கேட்டார். என் அக்கா என்றேன்.

பிப்ரவரியிலிருந்து நான் எழுதிய கடிதங்களை எடுத்து வைத்துக்கொள். "மச்சான் கை" என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் "அக்கா கை" என்று அடித்து எழுதிப் படித்துக்கொள்.

இருபதாம் தேதி வருகிறேன். வேண்டாம் என்று பதில் எழுதாதே, அது இங்கே வந்து சேருவதற்குள் நான் பஸ் ஏறியிருப்பேன். நாலு படகுக்கும் அச்சு எடுக்கிற வரை இருப்பேன். மஞ்சள் கிழிசலை அவிழ்க்காதே. நீ ரெசினைப் பார். மச்சான் நாற்காலியை நான் நகர்த்துகிறேன்.

தம்பி முத்திருளன்